ஃபயர்வாலுக்கு எதற்கு அந்தச் சாவி?

கிளவுட் பாதுகாப்பு வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி, அமேசான் வாடகைக்கு விடும் சர்வர்களில், அதாவது அதன் கிளவுடில், வைத்திருந்த தரவு 2019இல் திருடுபோனதைச் சொல்லி, “இதில் தப்பு யார் மேல்? வங்கி மேலா, அமேசான் மேலா?” என்பேன். இதுதான் விடை என்று எதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. எதிரில் இருப்பவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்கத்தான் கேட்பது. அந்தக் கேள்வி எனக்குள்ளேயே அடங்காமல் கிடந்தது என்பதும் ஒரு காரணம். ஒரு நாள் வங்கி மேல்தான் முழுத் தப்பும் என்று தோன்றும். இன்னொரு நாள் அமேசான் எப்படி இவ்வளவு சுலபமாக நழுவிக்கொண்டது என்று எரிச்சலாக வரும்.

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்றே. ‘ஷேர்டு ரெஸ்பான்சிபிலிட்டி மாடல்’. கிளவுடைப் பாதுகாப்பது அதைத் தரும் நிறுவனத்தின் வேலை, கிளவுடுக்குள் நாம் வைப்பதைப் பாதுகாப்பது நம் வேலை. நடுவில் ஒரு கோடு. சான்றிதழ் தேர்வுக்குப் படித்த எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் படத்தை வரைந்து காட்டுவார்கள். கட்டடம், மின்சாரம், வன்பொருள், ஒரு கணினியைப் பல சர்வர்களாகப் பிரித்துத் தரும் ஹைப்பர்வைசர் எல்லாம் கோட்டுக்குக் கீழே. பயனர் கணக்கு, அனுமதி, வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வாலின் அமைப்பு, தரவு எல்லாம் கோட்டுக்கு மேலே. கேபிடல் ஒன்னில் சறுக்கியது ஃபயர்வால் அமைப்பு. ஆகவே தப்பு வங்கி மேல். கணக்கு முடிந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். அறையை விட்டு வெளியே வந்ததும் மறுபடி உறுத்த ஆரம்பிக்கும்.

நடந்தது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதனால் வேகமாகக் கடக்கிறேன். முன்பு அமேசானின் கிளவுட் பிரிவில் வேலை பார்த்த, சியாட்டிலில் வசித்த ஒருவர், சரியாக அமைக்கப்படாத ஃபயர்வால்களை இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தார். கேபிடல் ஒன்னின் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் ஒன்று சிக்கியது. வெளியே இருந்து வரும் கோரிக்கையை வாங்கி, கேட்டவர் சொல்லும் முகவரிக்கெல்லாம் அனுப்பிவைக்கும் நிலையில் அது இருந்தது. அவர் அதை 169.254.169.254 என்ற முகவரிக்கு அனுப்ப வைத்தார். இந்த முகவரிக்கு இணையம் வழியாகப் போக முடியாது, சர்வருக்கு உள்ளே இருந்து மட்டும்தான் எட்டும். மெட்டாடேட்டா சர்வீஸ் என்பார்கள். ரோல் என்பது ஒரு சர்வர் எதையெதைத் தொடலாம் என்ற அனுமதிகளின் தொகுப்பு. சர்வர் அதனிடம் “எனக்கு என்ன ரோல்?” என்று கேட்டால், அந்த ரோலுக்கான தற்காலிகச் சாவிகளை எடுத்து நீட்டும். வெளியாளால் அதனிடம் கேட்கவே முடியாது. இங்கே கேட்டது ஃபயர்வால், அதாவது வீட்டு ஆள். எனவே கொடுத்துவிட்டது. ஃபயர்வால் அதை அப்படியே வெளியே நின்றவரிடம் கொடுத்துவிட்டது.

எஃப்பிஐ நீதிமன்றத்தில் தாக்கல் செய்த புகாரில் மூன்றே மூன்று கட்டளைகள்தான் பேசப்படுகின்றன. முதலாவது, ஃபயர்வாலின் ரோலுக்குரிய சாவிகளை வாங்குவது. இரண்டாவது, அந்தச் சாவியை வைத்துக்கொண்டு என்னென்ன பக்கெட்டுகள் (கிளவுடில் ஃபைல்களைப் போட்டுவைக்கும் பெட்டகங்கள்) இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பது. எழுநூற்றுக்கும் மேல் வந்தன. மூன்றாவது, அவற்றை அப்படியே நகலெடுப்பது. 2019 மார்ச் 22, 23 தேதிகளில் நடந்தது இது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் கிரெடிட் கார்டு விண்ணப்பத் தகவல்கள் போயின. 2005இலிருந்து விண்ணப்பித்தவர்கள் அதில் இருந்தார்கள். கார்டு கிடைக்காதவர்களும்தான். கார்டும் கொடுக்காமல் தகவலையும் தொலைத்தார்கள் என்று அந்த நாட்களில் நண்பர் ஒருவர் சிரித்தார்.

வங்கிக்கு இது தெரியவந்தது ஜூலை 17 அன்று, முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் மூலம். உங்கள் தரவு போலத் தெரியும் ஒன்று, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடக்கிறது, பாருங்கள் என்று. ஏறக்குறைய நான்கு மாதம். லாக், அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு, இல்லாமல் இல்லை. மின்னஞ்சல் வந்த பிறகு போய்ப் பார்த்தபோது எல்லாம் பதிவாகித்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவே. (இங்கே ஒரு இடைச்செருகல். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் திரையில் தானாகக் கிடைக்கும் நிகழ்வு வரலாறு 90 நாட்களுக்குத்தான். மார்ச் 22இலிருந்து ஜூலை 17க்கு 117 நாட்கள். லாகைத் தனியாகச் சேமிக்காத நிறுவனமாக இருந்திருந்தால் முதல் நாள் தடயமே இருந்திருக்காது. நம் ஊர் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவில் 180 நாள் வைத்திரு என்று சொன்னபோது இடத்துக்குச் செலவாகும் என்று புலம்பியவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.)

கோட்டுக்கு எந்தப் பக்கம்?

கேபிடல் ஒன் ஏனோதானோ என்று கிளவுடுக்குப் போன வங்கி இல்லை என்பதுதான் இதில் என்னை முதலில் குடைந்தது. 2015இல் லாஸ் வேகாஸில் நடந்த அமேசானின் ஆண்டு மாநாட்டில், அதன் தலைமைத் தகவல் அதிகாரி மேடை ஏறி, எங்கள் சொந்த டேட்டா சென்டரைவிடக் கிளவுடில்தான் பாதுகாப்பாக இயங்க முடியும் என்ற கருத்தைச் சொன்னவர். கிளவுடில் யாராவது விதியை மீறி எதையாவது திறந்துவைத்தால் கண்டுபிடித்துச் சரிசெய்யும் ‘கிளவுட் கஸ்டோடியன்’ என்ற கருவியை எழுதி, இலவசமாக வெளியிட்டவர்களும் இவர்கள்தான். இன்று நான் உட்பட எத்தனையோ பேர் அதைப் பயன்படுத்துகிறோம். இவர்களுக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

மறுபக்கம் அமேசான். கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்கள் மெட்டாடேட்டா சர்வீஸைக் கேட்கும் கோரிக்கையில் குறிப்பிட்ட ஒரு ஹெடர் (கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் குறிப்பு) இருந்தால்தான் பதில் கிடைக்கும் என்று வைத்திருந்தன. ஏமாற்றப்பட்ட சர்வர் வெறும் முகவரியைத்தான் கூப்பிடும். ஹெடரைச் சேர்த்துக் கூப்பிட வைப்பது கடினம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, ஆனால் இந்த வகைத் திருட்டுக்குப் போதுமான தடை. அமேசானில் அது இல்லை. 2019 அக்டோபரில் செனட்டர்கள் ரான் வைடன், எலிசபெத் வாரன் இருவரும் இதைத்தான் சுட்டிக்காட்டி, அமேசானை விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குக் கடிதம் எழுதினார்கள். தன் அமைப்பில் கோளாறு இல்லை, வாடிக்கையாளர் ஃபயர்வாலை அமைத்த விதம்தான் காரணம் என்பதே அமேசானின் நிலைப்பாடு. ஆனால் கடிதம் போன அடுத்த மாதமே மெட்டாடேட்டா சர்வீஸின் இரண்டாம் பதிப்பு வந்தது. முதலில் ஒரு டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும், பிறகு அதைக் காட்டித்தான் சாவி வாங்க வேண்டும். தப்பில்லை என்றால் எதற்குத் திருத்தம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அபராதம் விழுந்தது வங்கிக்குத்தான். 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பான ஓசிசி 8 கோடி டாலர் விதித்தது. ஃபயர்வால் ஓட்டையைவிட, கிளவுடுக்கு மாறும் முன் என்னென்ன ஆபத்து வரும் என்று ஒழுங்காகக் கணிக்கவில்லை என்பதைத்தான் அது பெரிதாகச் சொன்னது. வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் சமரசத் தொகை 19 கோடி டாலர். இந்தியாவிலும் அப்படியே. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சொல்லப்பட்டிருப்பது, மக்களிடம் தரவை வாங்கிய நிறுவனத்துக்கு. அது எந்தக் கிளவுடில் வைத்திருந்தாலும் சரி.

ஆக, சட்டப்படி பதில் தெரியும். வங்கி. ஆனாலும் உறுத்தல் போகவில்லை. உறுத்தியது சட்டமல்ல என்பது தெரியவே ரொம்ப நாள் ஆனது.

டிக்கெட்

ஒரு நேர்காணலில் எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஒரு இளம்பெண். பாதுகாப்புத் துறை அனுபவம் கிடையாது. ஒரு சப்போர்ட் டீமில் ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் வர ஆசைப்பட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சம்பவம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலே எழுதியதைச் சுருக்கிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, யார் மேல் தப்பு என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, வேறொன்று கேட்டார்.

“சார், ஃபயர்வால்னா வர்ற டிராஃபிக்கைப் பார்த்து உள்ளே விடணுமா வேணாமான்னு சொல்றதுதானே? அது எதுக்கு சார் கஸ்டமர் ஃபைலைப் படிக்கணும்? வாட்ச்மேன் கையில பீரோ சாவி எதுக்கு?”

ஒரு நொடி எனக்குப் பேச்சு வரவில்லை. எஃப்பிஐ புகாரில் ஒரு வரி உண்டு. அந்த ஃபயர்வால் ரோல், அன்றாட வேலையில் பக்கெட் பட்டியலைக் கேட்பதே இல்லை என்று வங்கியே சொன்னதாக. பலமுறை கடந்து போன வரி. அவர் கேட்ட பிறகுதான் அது முகத்தில் அறைந்தது. கேட்பதே இல்லை. ஆனால் கேட்டால் கிடைக்கும். எழுநூறு பக்கெட்டுகளும். வங்கியா அமேசானா என்று நாங்கள் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது திருடியவர் உள்ளே வந்த வழியைப் பற்றி. வந்தவர் கைக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. ஃபயர்வால் ஏமாந்திருந்தாலும், அமேசானின் சர்வீஸ் சாவியைக் கொடுத்திருந்தாலும், அந்தச் சாவியால் ஒரு பக்கெட்டைக்கூடத் திறக்க முடியாது என்றிருந்தால் 2019 ஜூலையில் செய்தியே இல்லை.

“அப்போ ஏன் கொடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?” என்றேன்.

“எதுக்காவது ஒரு நாள் தேவைப்பட்டிருக்கும் சார். அன்னைக்கு வேலை முடிஞ்சிருக்கும். எங்க டீம்லயே பர்மிஷன் கொடுக்கறதுக்கு டிக்கெட் டைப் இருக்கு. எடுக்கறதுக்கு டிக்கெட் டைப்பே கிடையாது.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அன்று மாலையே வேலைக் கோரிக்கைகளைப் பதிவுசெய்யும் எங்கள் டிக்கெட் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். அனுமதி வேண்டும் என்று கேட்க விதவிதமாகப் படிவங்கள். அவசரம் என்றால் தனியாக ஒன்று. அனுமதியை எடுப்பதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது, ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது ஹெச்ஆர் போடும் டிக்கெட். மனிதர்கள் ராஜினாமா செய்கிறார்கள், அன்று கணக்கு மூடப்படுகிறது. சர்வரும் ரோலும் ராஜினாமா செய்வதில்லை.

கொடுக்கும் கையும் எடுக்கும் கையும்

வேலை செய்யும் எவருக்கும் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய ரிலீஸ். புது சர்வீஸ் ஓட மறுக்கிறது, திரையில் ‘ஆக்சஸ் டினைடு’. எந்த அனுமதி குறைகிறது என்று தேட வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததில் நிற்கும், அதைக் கொடுத்தால் அதற்கடுத்ததில். ஏடபிள்யூஎஸ்ஸில் பல ஆயிரம் தனித்தனிச் செயல்களுக்குத் தனித்தனி அனுமதிகள். ஃபைலைப் படிக்க ஒன்று, பட்டியல் எடுக்க ஒன்று, தரவைப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவியைத் தொட இன்னொன்று. இரவு எட்டு மணிக்கு மேனேஜர் போன் செய்து “என்னப்பா, முடிஞ்சுதா?” என்கிறார். முழு அனுமதி கொடுக்கும் பாலிசி ஒன்று அமேசானே தயாராக வைத்திருக்கிறது. ஒரு டிக். இல்லையென்றால் பாலிசி ஃபைலில், ‘எல்லாம்’ என்று பொருள்படும் ஒரு நட்சத்திரக் குறி. ஓடிவிடுகிறது. “அப்புறம் குறைச்சுக்கலாம்” என்று ஒரு கமெண்ட். எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். திங்கட்கிழமை பாராட்டு மின்னஞ்சல் வருகிறது, அந்த நட்சத்திரத்தைப் போட்டவருக்கும் சேர்த்து.

இனி அதைக் குறைக்கப்போகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் உட்கார்ந்து, இந்த ரோலுக்கு இவ்வளவு தேவையில்லை என்று கண்டுபிடித்து எடுக்கிறார். சரியாக எடுத்தால் ஒன்றுமே நடக்காது. யாருக்கும் தெரியாது, யாரும் நன்றி சொல்லப்போவதில்லை. ஒரு அனுமதியைத் தப்பாக எடுத்துவிட்டால் நள்ளிரவில் ஏதோ ஒரு ரிப்போர்ட் ஓடாமல் நிற்கும், காலையில் கான்ஃபரன்ஸ் காலில் இருபது பேர் முன்னால் “யார் மாத்தினது?” என்ற கேள்வி வரும். கொடுத்தவரை அப்படி யாரும் கேட்டதில்லை. இந்த ஏற்பாட்டில் எந்தப் புத்திசாலியும் அனுமதியை எடுக்க மாட்டார். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்வது அநியாயம். மைக்ரோசாஃப்ட் 2023இல் வெளியிட்ட ஆய்வில், கிளவுடில் கொடுக்கப்பட்ட அனுமதிகளில் 1 சதவீதம்தான் உண்மையில் பயன்படுத்தப்படுகிறது என்று வந்தது. மீதி 99ஐ எத்தனை வெள்ளிக்கிழமைகள் கொடுத்திருக்கும்!

இது கிளவுடோடு வந்த நோயும் இல்லை. நார்ம் ஹார்டி என்ற கணினி அறிஞர் 1988இல் எழுதிய ஒரு சம்பவம் இதே கதை. டைம்ஷேர் என்ற நிறுவனத்தில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய கணினி. அதில் ஒரு கம்பைலர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். அது தன் புள்ளிவிவரங்களைப் பதிய வேண்டும் என்பதற்காகச் சிஸ்டம் ஃபோல்டரில் எழுத அனுமதி கொடுத்திருந்தார்கள். கட்டணக் கணக்கு ஃபைலும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. ஒரு பயனர், கம்பைலர் தரும் பிழைத்திருத்தத் தகவலை எழுத ஒரு ஃபைல் பெயர் கொடுக்கும்போது அந்தக் கட்டணக் கணக்கு ஃபைலின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை, கம்பைலருக்கு இருந்தது. எழுதியது. கணக்கு அழிந்தது. கம்பைலர் இருந்த இடத்தில் ஃபயர்வாலையும், கட்டணக் கணக்கு இருந்த இடத்தில் பக்கெட்டுகளையும் வைத்தால் 2019 வந்துவிடுகிறது. தேவைக்கு மேல் அனுமதி கொடுக்காதே என்ற விதியை ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஐம்பது வருடமாக எல்லோருக்கும் மனப்பாடம். நேர்காணலில் கேட்டால் உடனே வரும்.

அந்தப் பெண்ணின் டிக்கெட்டை மனதில் வைத்துக்கொண்டு அமேசான் பக்கம் திரும்பிப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. அவர்களுக்கும் இதே வியாதிதான். மெட்டாடேட்டா சர்வீஸின் இரண்டாம் பதிப்பு 2019 நவம்பரில் வந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா, பழையதை அவர்கள் எடுக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. வேண்டுமென்றால் வாடிக்கையாளர் பழையதை மூடிக்கொள்ளலாம். புதிதாக வரும் சர்வர் வகைகளில் தானாகவே இரண்டாம் பதிப்பு மட்டும் என்ற நிலை 2024இல்தான் வந்தது. எடுத்திருந்தால் உலகம் முழுக்க எத்தனையோ பழைய மென்பொருள்கள் நின்றிருக்கும், அத்தனை பேரும் “யார் மாத்தினது?” என்று அமேசானைக் கேட்டிருப்பார்கள். பக்கெட்டுகளை வைத்திருக்கும் எஸ்-3 சேமிப்பகத்தின் கதையும் அப்படியே. அது 2006இல் வந்தது. பொதுமக்கள் பார்க்கும்படி திறந்துகிடந்த பக்கெட்டுகளால் எத்தனை நிறுவனங்கள் மானம் இழந்தன என்று தனியாக எழுத வேண்டியதில்லை. புது பக்கெட்டுகளில் பொது அணுகல் தானாகவே தடுக்கப்பட்டிருக்கும் என்று அமேசான் மாற்றியது 2023 ஏப்ரலில். 17 வருடம். அதுவும் புதியவற்றுக்கு மட்டும். ஏற்கெனவே திறந்திருந்தது திறந்தே இருந்தது.

2024இல், கிளவுடில் தரவைச் சேமித்து அலசித் தரும் ஸ்னோஃப்ளேக் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நடந்ததும் வேறில்லை. சுமார் 165 நிறுவனங்களின் கணக்குகள் குறிவைக்கப்பட்டன. டிக்கெட்மாஸ்டர், ஏடி அண்ட் டி போன்ற பெரிய பெயர்களெல்லாம் அதில் அடிபட்டன. ஸ்னோஃப்ளேக்கின் சிஸ்டத்தை யாரும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் ஊழியர்களின் கணினிகளிலிருந்து மால்வேர் மூலம் முன்பே திருடப்பட்டிருந்தன, சில 2020இலேயே. வருடக்கணக்கில் யாரும் மாற்றவில்லை. இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் பாஸ்வேர்டு மட்டும் போட்டால் திறந்தது. எங்கள் பக்கம் ஓட்டை இல்லை என்று நிறுவனம் சொன்னது, உண்மைதான். புதிய கணக்குகளில் இரண்டாவது சரிபார்ப்பு தானாகவே கட்டாயம் என்று அதன் பிறகு அதே ஆண்டில் மாற்றியதும் உண்மைதான்.

ஆகவே அந்தக் கோட்டின் மேல் எனக்கு இப்போது கோபம் குறைந்துவிட்டது. கோடு பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பழக்கம் இருக்கும்போது கோடு எங்கே போகிறது என்பதில் பெரிய சுவாரசியம் இல்லை, அவ்வளவுதான். நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். உங்கள் டீமில் ஒரு அனுமதியை எப்படி எடுப்பீர்கள், யாரிடம் சொல்வீர்கள், உடைந்தால் யார் பொறுப்பேற்பார்கள் என்று கேட்கிறேன். பல வருட அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் திணறுவதைப் பார்க்கிறேன். சிலர் சிரித்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் என்கிரிப்ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் பாதுகாப்புக் கேள்வித்தாள்களில் ‘தரவு என்கிரிப்ட் செய்யப்பட்டுள்ளதா?’ என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டுவிட்டு நிம்மதியாகிறோம். கேபிடல் ஒன்னும் என்கிரிப்ட் செய்துதான் வைத்திருந்தது. அந்தச் சூழ்நிலையில் திருடியவரால் அதை டிகிரிப்ட் செய்து படிக்கவும் முடிந்தது என்று வங்கி அறிக்கையிலேயே சொன்னது. கிளவுடில் இது இயல்பு. ஃபைலைப் படிக்கவும் சாவியைப் பயன்படுத்தவும் ஒரு ரோலுக்கு அனுமதி இருந்தால், கேட்டதும் டிகிரிப்ட் ஆகித்தான் வரும். டேட்டா சென்டருக்குள் புகுந்து டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போகிறவனிடமிருந்து அந்த என்கிரிப்ஷன் காப்பாற்றும். அப்படி ஒரு திருடனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. வங்கியை உண்மையில் காப்பாற்றியது டோக்கனைசேஷன். அமெரிக்கர்களின் அடையாள எண்களான சமூகப் பாதுகாப்பு எண்களில் பெரும்பகுதியை அவர்கள் வேறு குறியீடுகளாக மாற்றி, மூல எண்ணை வேறு முறையில், வேறு சாவியின் கீழ் வைத்திருந்தார்கள். அதனால் 10 கோடிப் பேரில் சுமார் 1,40,000 பேருடைய எண்கள்தான் வெளியே போயின. அந்த ஒரு இடத்தில் யாரோ ஒருவர், எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அவர் யாரென்று எந்தச் செய்தியிலும் வரவில்லை.

எல்லாம் ஒரே சாவியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கோட் ஸ்பேசஸ் போதும். மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் நிறுவனம். 2014 ஜூனில் யாரோ அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் கணக்கின் கட்டுப்பாட்டுத் திரைக்குள் நுழைந்து பணம் கேட்டார்கள். கணக்கை மீட்க இவர்கள் முயன்றதும் உள்ளே இருந்தவர் அழிக்க ஆரம்பித்தார். சர்வர், டிஸ்க், பேக்கப், பெரும்பாலும் எல்லாம். பேக்கப் இருந்தது, அதே கணக்குக்குள் இருந்தது. ஒரே நாளில் நிறுவனம் கடையைக் கட்டியது. எனக்குத் தெரிந்து இன்றும் பேக்கப் பற்றி ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி, தினமும் எடுக்கிறீர்களா என்பது. அதை அழிக்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதுதான் முதலில் வர வேண்டும்.

எங்கள் இடத்தில் இப்போது அனுமதியை எடுப்பதற்கும் ஒரு டிக்கெட் வகை இருக்கிறது. மேலிடத்தை ஒப்புக்கொள்ள வைப்பது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகத்தான் இருந்தது. கஷ்டமாக இருந்தது இன்னொன்று. எடுத்ததால் ஏதாவது நின்றுபோனால் அது எடுத்தவரின் பிழையாகக் கணக்கில் வராது, எதை எது நம்பி ஓடுகிறது என்ற, அதுவரை தெரியாத ஒரு சார்பு தெரியவந்ததாகத்தான் எழுதப்படும் என்று கையெழுத்து வாங்குவது. அந்த ஒரு வரிக்குத்தான் அதிக மீட்டிங். அது கிடைக்கும்வரை டிக்கெட் வகை இருந்தும் ஒருவரும் போடவில்லை. கிடைத்த பிறகு போட ஆரம்பித்தார்கள். முதலில் எடுத்தவற்றில் சிலவற்றுக்கு யாரும் கத்தவே இல்லை. ஸ்க்ரீம் டெஸ்ட் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் முறை இதுதான், நிறுத்திவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. நாகரிகமான முறை என்று சொல்ல மாட்டேன். ஆவணங்களை நம்புவதைவிட நேர்மையானது.

கத்தும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகக் கருவியும் உண்டு. ஒரு ரோல் எந்தச் சேவையைக் கடைசியாக எப்போது தொட்டது என்று ஏடபிள்யூஎஸ் காட்டும், 400 நாள்வரை பின்னோக்கிப் பார்க்கலாம். முதலில் 90 நாளில் தொடாததை எடுத்துவிடலாம் என்றுதான் பேசினோம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சம்பள மென்பொருளில் படிவம் 16 தயாரிக்கும் ரோல் ஒன்று இருக்கிறது. வருடத்தில் பதினோரு மாதம் அசையாது. 90 நாள் கணக்கில் அது செத்துப்போனது, ஜூன் மாதம் வந்தால் அதில்லாமல் ஒரு கம்பெனியின் ஊழியர்கள் யாருக்கும் படிவம் 16 கிடைக்காது. 400 நாள் என்று வைத்தபோது அது தப்பியது. ஆண்டுக்கு ஒருமுறை ஓடுகிற எல்லாமே தப்பும்.

மாட்டிக்கொண்டிருப்பது பேரிடர் மீட்புக்கான ரோல். முதன்மைத் தளம் விழுந்தால் எல்லாவற்றையும் இன்னொரு ரீஜியனில், அதாவது வேறு ஊர் டேட்டா சென்டர்களில், எழுப்புவதற்கு. 400 நாளிலும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் டிரில், அதாவது மீட்பு ஒத்திகை, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. எல்லா பக்கெட்டையும் படிக்கலாம், எல்லா சாவியையும் பயன்படுத்தலாம், புது சர்வர் எழுப்பலாம், பழையதை அழிக்கவும் செய்யலாம். எங்களிடம் இருக்கும் ரோல்களிலேயே ஆபத்தானது அதுதான். எதை எடுக்கலாம் என்று டிரில் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். இப்போதைக்கு அந்த ரோலை யாராவது பயன்படுத்தினால் உடனே எங்கள் போன்கள் அடிக்கும்படி வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை என்றாலும். டிரிலுக்குத் தேதி கேட்டுப் போட்ட டிக்கெட் பிசினஸ் டீமின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.